ஐஸ் கம்பனியில் அக்கா போட்ட காசு

அக்கா ஓட்டோவில் இருந்து இறங்கியபோது சேலையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. மடியில் சாக்கில் சுற்றிய ஒரு ஐஸ் கட்டி. நல்ல உச்சி வெயில். ஓட்டோக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து அதை இறக்கி முடிப்பதற்குள் எங்கள் ஒழுங்கையில் இருந்த படலைகள் எல்லாம் திறந்துவிட்டன. மூத்த அண்ணர் வாசலில் நின்று, சொட்டிக்கொண்டு வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இதுதானோ உன்ர லாபம்? கெதியா உள்ளுக்குக் கொண்டு போ, மிச்சமும் கரைஞ்சிடும்" என்றார். ஒழுங்கையே சிரித்தது. அக்கா கோபப்படவில்லை. கட்டியைக் குசினிக்குள் கொண்டுபோய் உலக்கையால் உடைத்து, வீட்டில் இருந்த தேசிக்காய் அத்தனையையும் பிழிந்து, சிரித்தவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கோப்பை சர்பத் கொடுத்தாள். கடைசியில் தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல இறுக்கமான கட்டி. மெஷின் ஒழுங்கா வேலை செய்யுது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஈரச் சேலைதான்.

ஐஸ் வந்த கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்தில், சண்டைக் காலத்தின் நடுவில், ஓய்வு பெற்ற பொறியியலாளர் ஒருவர் தலைவராக நின்று ஊர்க்காசைச் சேர்த்து ஒரு ஐஸ் கம்பனி தொடங்கினார். ஐஸ் இல்லாததால், பிடித்த மீனைக் கரையிலேயே அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த காலம் அது. நகரத்து ஆட்கள் கொஞ்சம், மூதூருக்கு அப்பால் வெருகல் பக்கத்துக் கரையோர ஆட்கள் கொஞ்சம் என்று பங்கு வாங்கினார்கள். கரையோரத்தவர்களுக்குப் பங்கு பிரிப்பது ஒன்றும் புதிய விஷயம் இல்லை. கரைவலை இழுத்தால் மீன் கரைக்கு வந்து, விலை பேசி, கால் மணல் காயுமுன் காசு பிரிக்கப்பட்டுவிடும். ஆகவே முதலாவது பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் வந்ததும், கம்பனி அன்றைக்கே காசு பிரிக்கப் போகிறது என்று நினைத்து, கையில் பனையோலை உமல் பையோடு முதல் லோஞ்ச் படகைப் பிடித்து வந்து சேர்ந்துவிட்டார்கள்.

தலைவர் எழும்பி, இலாபம் வந்திருக்கிறது, ஆனால் அதைப் பிரிக்கப் போவதில்லை, ஜெனரேற்றர் வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் மண்டபம் கொதித்ததாம். வந்தவர்களில் மூத்தவர் ஒரு சம்மாட்டி. சொந்த வலையும் வள்ளமும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்தவர். அவர் எழும்பி, காசில்லாவிட்டால் ஐஸையாவது பிரித்துத் தாருங்கள், வெறுங்கையோடு கரைக்குப் போக ஏலாது என்றிருக்கிறார். தலைவரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். அக்கா மடியில் கொண்டுவந்தது அதில் ஒன்று. வெருகல்வரை போன கட்டிகளில் எவ்வளவு மிஞ்சியது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக அந்தக் கம்பனி பங்குக்காரருக்குக் கொடுத்தது அந்த ஐஸ் மட்டும்தான்.

அக்கா கணிதம் படிப்பித்தவள். ஊர் அவளை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். அத்தான் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்தவர். ஒருநாள் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டார். அவர்கள் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு அதற்கு முந்தின கலவரத்திலேயே எரிந்துபோயிருந்தது. அத்தானின் சேவைக்காலக் காசு வந்தபோது அக்காவிடம் இருந்தது அந்தக் காசும் ஒரு பெண்பிள்ளையும்தான். அவளுக்கு இளைய தங்கச்சியான நான் அப்போது நகரத்தில் ஒரு வங்கியில் வேலை. வட்டி வராத காசு எனக்குக் காசாகவே தெரியாது. நிலையான வைப்பில் போடுங்கள், மாதம் மாதம் வட்டி வரும், பிள்ளையின் படிப்பைப் பார்க்கலாம் என்று படிவத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிட்டத்தட்ட முழுக் காசையும் ஐஸ் கம்பனிப் பங்கில் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது இன்றைக்கும் சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "வீடு கட்டினன், எரிஞ்சது. பவுன் வாங்கினால் கள்ளன் வருவான். உங்கட பாங்கில போட்டால், நீங்கள் தாற வட்டியை அரிசி விலை திண்டு போடும்." ஐஸ் பக்டரியில் மட்டும் குண்டு விழாதோ என்று நான் கேட்டேன். விழலாம், ஆனால் ஐஸ் இல்லாமல் இந்தக் கரையில் ஒருத்தருக்கும் ஏலாது, விழுந்தால் திரும்பக் கட்டுவார்கள் என்றாள். அவளோடு கதைத்து வெல்ல நான் இன்னொரு பிறவி எடுத்து வரவேண்டும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு வீடு என்பது இருப்பதற்கு மட்டும் இல்லை. கல்யாணத்தின்போது அதை மகளின் பேருக்குச் சீதனமாக எழுதவும் வேண்டும். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அக்காவும் மகளும் அண்ணர் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். அண்ணர் கெட்டவர் இல்லை. தன் பிள்ளைக்கு வாங்கினதெல்லாம் தங்கச்சி பிள்ளைக்கும் வாங்கினார். ஆனால் அந்த வீடு அவருடைய மகளுக்கு என்பது சுவருக்கும் தெரியும். அக்கா அந்த அறையில் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டாள். படம் மாட்ட ஆசைப்பட்ட பிள்ளையிடம், எங்கட வீட்டில மாட்டுவம் என்று சொல்லிவிடுவாள்.

அண்ணரும் பங்கு வாங்கியிருந்தார், வேறு இடத்தில். தோப்பூர்ப் பக்கத்து நெல்லை ஏற்றி இறக்கச் சிலர் சேர்ந்து தொடங்கிய லொறிக் கம்பனி அது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முதல் அண்ணருக்குப் பங்கிலாபம் வந்துவிடும். அவர் அதை மேசையில் வைத்து, சாமிப் படத்துக்குக் காட்டி, பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கி, அக்காவுக்கும் ஒரு சேலை வாங்கி வருவார். காசென்றால் இப்படிக் கையில் பிடிக்கவேண்டும் என்று ஒரு சொல்லும் கூடவே வரும். அக்கா சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு மெதுவாக, போன வருஷம் கராஜில் நின்ற புது லொறி எங்கே அண்ணை என்று கேட்பாள். திருத்தப் போயிருக்கிறது என்பார் அவர். அடுத்த வருஷம் இன்னொன்று திருத்தப் போயிருக்கும். கடைசியில் ஒரு பொங்கலுக்குப் பங்கிலாபமும் வரவில்லை, கம்பனியும் இல்லை. பங்குக்காரர் வாயை மூடுவதற்காக வருஷா வருஷம் லொறியை விற்று இலாபம் என்று பிரித்திருக்கிறார்கள். அண்ணர் சாமிக்குக் காட்டிச் செலவழித்தது தன்னுடைய முதலைத்தான். அந்த வருஷம் அக்காதான் அண்ணருக்கு வேட்டி வாங்கிக் கொடுத்தாள்.

எனக்கும் அவளுக்கும் இந்த விஷயத்தில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. என் கட்சி நேரானது. மாடு வாங்கினால் பால் கறக்கவேண்டும், தென்னை வைத்தால் தேங்காய் பிடுங்கவேண்டும், பங்கு வாங்கினால் பங்கிலாபம் வரவேண்டும். ஒருநாளும் ஒன்றும் தராத பங்கு வெறும் கடதாசி. அதற்கும் ஒரு விலை இருக்கிறதென்றால், நாளைக்கு இன்னொரு புத்தி கெட்ட விசரன் வந்து இதைவிடக் கூடத் தருவான் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை. விசரர்கள் முடிகிற அன்றைக்குக் கடைசி விசரியாக நீங்கள் நிற்பீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "கம்பனி உழைக்குதோ இல்லையோ, அதுதான் கேள்வி. உழைச்சதை என்ர கையில தந்தாலும் என்ர காசு. அதில ஒரு மெஷின் வாங்கி வைச்சாலும் என்ர காசு. என்ர கையில தந்தால் நான் செலவழிச்சுப் போடுவன், அவ்வளவுதான்" என்றாள். அந்த மெஷினை ஒழுங்கை திரும்புகிற முடக்குக் கடையில் கொடுத்து ஒரு கொத்து அரிசி வாங்கிக் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். அவள் துருவின தேங்காயை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, பொறுத்துத்தான் இருக்கவேணும் என்றாள். அவளுக்கும் பயம் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திருந்தவள் இல்லை. மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே ஐஸ் பக்டரிக்குப் போவாள். கணக்கு வழக்குப் பார்க்க இல்லை. கணக்கில் என்னவும் எழுதலாம் என்பாள். ஐஸ் உறையவைக்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பாள், ஜெனரேற்றர் ஓடுகிற சத்தத்தைக் கேட்பாள், வாசலில் ஐஸுக்குக் காத்து நிற்கிற ஆட்களோடு கதை கொடுப்பாள். ரீச்சர் வாறா என்ற சத்தம் கேட்டதும் வேலையாட்கள் சுருட்டை எறிந்துவிடுவார்களாம். தலைவர் அவளைக் கண்டால் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டு கதைப்பார். இவ்வளவுக்கும் அவளிடம் இருந்தது பங்கு மட்டும்தான், பதவி ஒன்றும் இல்லை.

அந்த வருஷங்களில் மின்சாரம் வாரக்கணக்கில் வராது. பிறகு தனியாக ஐஸ் செய்து விற்கத் தொடங்கினவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். எங்கள் கம்பனி மட்டும் ஓடியது, காரணம் ஜெனரேற்றர். கடலுக்குப் போகத் தடை என்றால் ஐஸ் ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் போகும். கண்டி வீதியால் போகிற ஐஸ் லொறி கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நின்று, பாதி தண்ணீராகி ஒழுகிப்போகும். அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர், குளிர் வெளியே போகாத பெட்டி வைத்த லொறி வாங்கப்போகிறோம், இந்த வருஷமும் பங்கிலாபம் இல்லை என்பார். அதற்கு அடுத்த வருஷம் கிணறு. அதற்கும் அடுத்ததில், வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒருவரின் பக்கத்துக் காணி, தண்ணீரை ஒட்டினது, குறைந்த விலைக்கு வந்தது. பங்குக்காரருக்குக் கையில் ஒன்றும் இல்லை. பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போது அண்ணரின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் வீட்டை எழுதித் தரவேண்டும், முன்பக்கம் முழுக்கப் பிள்ளைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்றார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம் அது. அப்படியென்றால் அண்ணரும் அண்ணியும் பின்னறைக்கு வரவேண்டும். அண்ணர் இதை அக்காவிடம் சொல்ல ஒரு கிழமை பட்ட பாட்டை நான் பார்த்தேன். சாப்பிட இருப்பார், எழும்பிப் போய்விடுவார். கடைசியில் அக்காவே அவருக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, நாங்கள் தைக்கு முதல் வேற இடம் பார்க்கிறம் அண்ணை, நீங்கள் கல்யாண வேலையைப் பாருங்கோ என்றாள். அண்ணர் அழுதுவிட்டார்.

அந்த வாரமே இரும்புக்கடை முதலாளி வந்தார். பழைய இரும்பு வாங்கி விற்றுப் பெரிய ஆளானவர். கொஞ்ச நாட்களாகவே ஐஸ் கம்பனிப் பங்குகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கைவிட்டவர்கள் எல்லாரும் வந்த விலைக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது அவருக்கு அக்காவின் பங்குக் கட்டு வேண்டும். ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்து, கதிரை நுனியில் பணிவாக இருந்து, விலையைச் சொன்னார். அக்கா கொடுத்த விலையைவிடக் கூட. கப்பல்துறைப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கலாம். அண்ணரின் முகம் விடிந்துவிட்டது. எனக்கும், பொய் சொல்வானேன், குலதெய்வமே வந்து கதவைத் தட்டினதுபோல் இருந்தது. ஒன்றும் தராத பங்கை வைத்துக்கொண்டு ரீச்சர் பட்டதெல்லாம் போதும், உங்களில் இரக்கப்பட்டுத்தான் கேட்கிறேன் என்றார் முதலாளி.

அக்கா வாழைப்பழச் சீப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஒண்டும் தராத பங்கெண்டு நீங்களே சொல்றியள். பிறகேன் தம்பி காசு குடுத்து வாங்கிறியள்?"

முதலாளி சிரித்தார். தேத்தண்ணியைக் கலக்கினார், அது ஏற்கெனவே கலக்கின தேத்தண்ணி. நான் அவ்வளவு காலமும் அக்காவோடு பிடித்த சண்டைக்கு அந்த மனுசனின் முழிதான் பதில். பங்குக்காரர் கையில் ஒரு சதமும் வராத வருஷங்களில் அந்தக் காசெல்லாம் எங்கே போனது என்று ஊரில் சரியாக எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஜெனரேற்றர், லொறி, கிணறு, தண்ணீரை ஒட்டின காணி. எல்லாவற்றையும் கழற்றி விற்றால் என்ன வரும் என்று தெரிந்துகொண்டுதான் இரக்கப்பட வந்திருந்தார். அக்கா வாழைப்பழத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். அண்ணர் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. கையில் வந்த வீட்டைத் தள்ளிவிட்டாளே என்ற வேதனை அவருக்கு.

முதலாளி சும்மா இருக்கவில்லை. அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில், மெஷினையும் காணியையும் விற்றுக் காசைப் பங்குக்காரருக்குப் பிரிக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். காசு என்றதும் கூட்டத்துக்கு வருவதை விட்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். வெருகல் பக்கத்தில் இருந்து லோஞ்ச் நிறைய ஆட்கள். எனக்குப் பங்கு இல்லை. வாசலடியில் ஒரு நீள மர வாங்கில் இருக்கவிட்டார்கள். கையுயர்த்தி எண்ணினால் ஆளுக்கொன்று, சீட்டுப் போட்டு எண்ணினால் பங்குக்கொன்று. முதலாளி சீட்டுத்தான் வேண்டும் என்று நின்றார். அவ்வளவு பங்கு அவரிடம் சேர்ந்திருந்தது. அக்காவின் கட்டும் கரையோரத்தவர்களின் பங்கும் ஒரே பக்கம் நின்றால் மட்டும்தான் அவரைத் தடுக்கலாம். கரையோரத்தவர்களோ அவரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிப்போம் என்ற சொல்லை இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு முதல்முதலாகச் சொன்ன மனுசன் அவர்தானே. தலைவரின் குரல் தளர்ந்துபோயிருந்தது. முடிந்தது கதை என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா எழும்பினாள். வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே குரல்.

"முதலாளி சொல்றது சரி. விக்கலாம், பிரிக்கலாம். ஒருக்காப் பிரிக்கலாம்" என்றாள். பிறகு வெருகல் பக்கத்து ஆட்கள் இருந்த பக்கம் திரும்பினாள். "கரையில நீங்கள் காசு பிரிக்கேக்க முதலில வலைக்கெண்டு எடுத்து வைக்கிறியளோ இல்லையோ?"

ஓம் என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. எடுத்து வைக்காமல் என்னெண்டு தொழில் செய்யிறது என்று இன்னொன்று.

"அதை ஏன் ஒருத்தரும் களவெண்டு சொல்லிறேல்ல?"

கரைவலைக்காரருக்கு இது தெரியாத விஷயமா? வலைக்கும் வள்ளத்துக்கும் என்று முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை ஆட்களுக்குப் பிரிப்பார்கள். கிழிந்த வலையைக் கட்ட, பழைய கயிற்றை மாற்ற, நாளைக்கும் கடலில் இறங்க அதுதான் வழி. இழுத்தவன் எவனும் அதில் கைவைக்கமாட்டான். கம்பனி என்று வந்ததும், கதிரையும் மேசையும் போட்டு இங்கிலீசில் அறிவித்தல் ஒட்டினதும், தங்கள் தொழிலில் தாங்களே செய்கிற காரியம் அங்கேயும் நடக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. "இவ்வளவு வருஷமும் கம்பனியாக்கள் எடுத்து வைச்சது வலைக்குரிய பங்கு. ஒளிச்சு வைக்கேல்ல. போய்ப் பாருங்கோ, பக்டரியில நிக்குது, ஓடுது. முதலாளிக்கு வேண்டியதும் அதுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா கதிரையில் இருந்துவிட்டாள்.

முதல் வருஷம் ஐஸ் கேட்ட அந்தச் சம்மாட்டி எழும்பினார். நன்றாக நரைத்துப்போயிருந்தார். முதலாளியைப் பார்க்கவில்லை, தன்னுடைய ஆட்களைப் பார்த்தார். "வலையை வித்துக் காசு பிரிச்சவன் விடிய எழும்பிக் கடலைப் பாத்துக்கொண்டுதான் இருக்கவேணும். நான் ரீச்சரோட" என்றார். அவ்வளவுதான். சீட்டு எண்ணி முடிந்தபோது தீர்மானம் தோற்றுப்போயிருந்தது. வெளியே வந்த அக்காவைச் சுற்றி ஆட்கள் நின்ற நிலையைப் பார்க்க எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவளோ, ஒரு பிளேன்ரீ குடிச்சால் நல்லம் என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை வைக்க இடம் இல்லை. என் அக்கா என்று தெரியாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பெருமை கூரை போட்டுத் தராது. தைக்கு முதல் அக்காவும் மகளும் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டில் வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். என் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாமா, மாமி, கொழுந்தன் குடும்பம் என்று ஏற்கெனவே கால் வைக்க இடமில்லாத வீடு அது, அவள் மறுத்துவிட்டாள். மாரி மழைக்கு அந்தத் தகரம் ஒழுகும். என் பெறாமகள், அக்காவின் ஒரே மகள், சட்டி பானைகளுக்கு நடுவில் இருந்து படித்தாள். வழியில் கண்டவர்கள், வந்த வீட்டை வேண்டாம் என்ற ரீச்சர் என்று சிரித்தார்கள். மழை பெய்கிற நாட்களில் எனக்கு அக்காமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருநாள் குடையோடு போய், விற்றிருந்தால் இன்றைக்கு நனையாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லியும்விட்டேன். ஓம், நனையாமல் இருந்திருக்கலாம் என்றாள் அக்கா. அந்த வாரமும் பக்டரிக்குப் போய் வந்தாள்.

பிறகு சண்டை ஓய்ந்த ஒரு காலம் வந்தது. நிலைக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் பாதை திறந்தது, கடலுக்குப் போகிற கட்டுப்பாடு தளர்ந்தது. நாட்கணக்காகக் கடலில் நிற்கிற பெரிய வள்ளங்கள் வந்தன. வள்ளம் இறங்க ஐஸ் வேண்டும். அந்தக் கரையில் குறையில்லாமல் ஓடுகிற மெஷினும், பெட்டி வைத்த லொறியும், வள்ளம் கட்டத் தண்ணீரை ஒட்டின காணியும் வைத்திருந்தது எங்கள் கம்பனி ஒன்றுதான். கொழும்பில் இருந்து மீன் ஏற்றுமதிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஒரு விலை சொன்னார், மற்றவர் அதற்கு மேலே சொன்னார். முதலாளி வாழைப்பழத்தோடு சொன்ன விலையை இப்போது நினைத்தால் சிரிப்பு வரும். முதலாளியும் தன்னிடம் இருந்த பங்குகளை விற்று நல்ல காசு பார்த்தார் என்பதில் மட்டும் அக்காவுக்குக் கடைசிவரை எரிச்சல். சம்மாட்டியின் ஆட்களும் நல்ல காசு பார்த்தார்கள். கம்பனி அதுவரை ஒரு சதம் பங்கிலாபம் பிரிக்கவில்லை.

அக்கா கட்டை முழுக்க விற்கவில்லை. வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குப் பங்கைப் பிரித்து விற்றாள். கம்பனி தராவிட்டால் என்ன, எனக்குத் தேவையானதை நானே எடுத்துக்கொள்ளுவன், மிச்சம் நின்று உழைக்கட்டும் என்றாள். முடக்குக் கடையில் அரிசி வாங்கிக் காட்டச் சொன்ன எனக்கு, காணி உறுதிப் பத்திரத்தையே கொண்டுவந்து காட்டினாள். உப்புவெளியில் கிணற்றோடு நல்ல காணி. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வங்கிக்காரி அழுதால் வட்டி குறைஞ்சிடும் என்று பகிடி விட்டாள்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பிறகும் சண்டை வந்தது, முடிந்தது. அக்கா அந்தக் காணியில் கட்டின வீட்டிலேயே நிம்மதியாகக் கண்ணை மூடினாள். மிச்சப் பங்குகள் மகளிடம் இருக்கின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே பங்கு வாங்குகிறார்கள், எந்த ஊர்க் கம்பனி என்றுகூடத் தெரியாமல். பங்கிலாபம் தராத பங்கை வாங்கலாமா அன்ரி என்று என்னிடம் கேட்கிறார்கள். வங்கியில் இருந்தவள் என்ற மரியாதையில் கேட்கிறார்கள், நான் அக்காவின் வாயால் பதில் சொல்கிறேன். தருகிறதா இல்லையா என்று பார்க்காதே, தராததை என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார். உழைத்ததைத் திரும்ப உழைப்பில் போட்டால் அது உன்னுடையதுதான், ஒருநாள் யாரோ ஒருவன் அதற்கு விலை சொல்லிக்கொண்டு வருவான். தின்றுவிட்டு மழுப்பினால் ஓடிவிடு. எல்லாக் கம்பனியும் எங்கள் ஐஸ் கம்பனி இல்லை. அந்தத் தலைவர் போன்ற ஒருவர் எல்லா இடத்திலும் இருக்கமாட்டார். அதைவிட, கூரை ஒழுகும்போது பொறுத்திருக்க உனக்கு ஏலுமோ என்று உன்னையே கேட்டுப் பார். ஏலாதென்றால் வங்கிக்குப் போ, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இவ்வளவையும் சொன்னால் பிள்ளைகள் சுருக்கமாகச் சொல்லுங்கோ என்பார்கள்.

அந்த வீடு குடிபூருகிற அன்று உப்புவெளி ஒழுங்கை முழுக்கச் சனம். ஐஸ் கம்பனித் தலைவர் வந்தார், சம்மாட்டி பெரிய பாரை மீன் ஒன்றோடு வந்துவிட்டு, சைவ விசேசம் என்று தெரிந்ததும் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். என் பெறாமகள் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டே இருந்தாள், மாட்டப் படம்கூட இல்லாத இடங்களிலும். அக்கா பட்டுச்சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு, வந்தவர்களை எல்லாம் வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். தன் வாசலில் நின்று ஒருவரை உள்ளே வரச் சொல்ல அவள் எவ்வளவு காலம் ஏங்கியிருப்பாள் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

அண்ணர் பின்னேரம் போலத்தான் வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். மகளும் மருமகனும் நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் தன் வீட்டிலேயே சத்தம் போட்டு இருமப் பயந்துகொண்டு பின்னறையில் இருக்கிற மனுசனாகிவிட்டிருந்தார். அக்கா அவரைச் சபையின் நடுவில் இருந்த கதிரையில் இருத்தி, முதல் இலையை அவருக்குப் போட்டாள். சனம் கலைந்த பிறகு, அண்ணர், தன்னிடம் கொஞ்சக் காசு இருக்கிறது, உன்னிடம் மிச்சம் இருக்கிற பங்கில் கொஞ்சத்தை எனக்கு விற்பாயோ என்று கேட்டார். கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சிரிக்கவில்லை. எழும்பிப் போய் நடுவறைக்கு அடுத்த, கடலைப் பார்த்த அறையின் கதவைத் திறந்தாள். புதுப் பெயின்ற் மணத்தது. உள்ளே கட்டில் போட்டு, பாய் தலையணை எல்லாம் வைத்திருந்தாள். எங்களில் ஒருவரிடமும் அவள் அதைப்பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

"பங்கு தரமாட்டன் அண்ணை. இது உங்களுக்கும் அண்ணிக்கும் கட்டின அறை" என்றாள். "சாமானை நாளைக்கே ஏத்துங்கோ."